காந்தக் குச்சியும் இரும்புக் குண்டும்: பெரியவர்களும் எடுத்து விளையாடலாம்

பெட்டியின் மேல் வயது 3 முதல் என்றோ 5 முதல் என்றோ போட்டிருப்பதாலேயே காந்தக் கட்டுமானப் பொம்மைகளைப் பெரியவர்கள் தொடுவதில்லை. பேரப்பிள்ளைக்குப் பிறந்தநாள் என்றால் வாங்கிக் கொடுப்பதோடு சரி. ஆனால் பினாங்கின் பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் நாளெல்லாம் நின்று வேலை பார்த்துவிட்டு வருபவருக்கும், அலுவலகத்தில் கணினியைப் பார்த்துப் பார்த்துக் கண் எரிய வீடு திரும்புபவருக்கும் இதைவிடத் தோதான கைவேலை குறைவு என்பேன். பின்னலுக்குப் பொறுமை வேண்டும். ஓவியத்துக்குக் கை பழக வேண்டும். இதற்கு வேண்டியது இரண்டே உருப்படிகள்: காந்தக் குச்சி, இரும்புக் குண்டு. தப்பாக வைத்துவிட்டால் பிடுங்கி வேறு இடத்தில் வைக்கலாம். பசை காயும்வரை காத்திருக்க வேண்டாம், நூல் சிக்காது. அரை மணி நேரம் கிடைத்தால் அதற்குள் ஓர் உருவம் முடிந்துவிடும்.

கற்றுக்கொள்ள வேண்டிய விதியும் அநேகமாக ஒன்றுதான். அதற்கு முன் வாங்கும் கதையை முடித்துவிடுவோம்.

எதை வாங்குவது

சந்தையில் மூன்று வகை இருக்கிறது. முதலாவது தட்டையான பலகைகள். மேக்னா-டைல்ஸ், மேக்ஃபார்மர்ஸ் போன்றவை. வண்ண வண்ணமான சதுரமும் முக்கோணமும், விளிம்பில் காந்தம் ஒளிந்திருக்கும். மேக்ஃபார்மர்ஸில் காந்தம் உள்ளுக்குள்ளேயே சுழன்றுகொள்ளும், அதனால் எந்தப் பக்கத்தைக் காட்டினாலும் ஒட்டும். சின்னப் பிள்ளைகளுக்கு அருமையானவை. பெரியவர்களுக்குச் சீக்கிரம் அலுத்துவிடும். வீடு, கோபுரம், இன்னொரு வீடு என்று நின்றுவிடும்.

இரண்டாவது குச்சியும் குண்டும். இந்தக் கட்டுரை அதைப் பற்றியதுதான். இத்தாலியரான கிளாவுடியோ விசெந்தெல்லி உருவாக்கி 1998-இல் வெளிவந்த ஜியோமேக் இதில் பெயர்பெற்றது, சுவிட்சர்லாந்தில் தயாராகிறது. குச்சியின் இரு முனையிலும் நியோடிமியம் என்ற வலுவான காந்தம், இரண்டையும் இணைக்க நடுவே ஓர் எஃகு ஊசி, மேலே பிளாஸ்டிக் உறை. குண்டு காந்தமே இல்லை, நிக்கல் பூசிய வெறும் எஃகு. அதனால்தான் குண்டின் எந்த இடத்திலும், எந்தக் கோணத்திலும் குச்சியை ஒட்டவைக்க முடிகிறது. இதேபோன்ற மலிவான செட்டுகளும் நிறைய வருகின்றன. இரண்டு பிராண்டைக் கலக்காதீர்கள். நீளத்தில் ஒரு மில்லிமீட்டர் வித்தியாசம் இருந்தாலும் உருவம் கோணிக்கொள்ளும்.

மூன்றாவது வகை, 5 மில்லிமீட்டர் அளவுள்ள குட்டிக் காந்த உருண்டைகள். 216 உருண்டைகள் ஒரு கனசதுரமாக அடுக்கி விற்பார்கள். கைக்கு இதமாகத்தான் இருக்கும், மறுக்கவில்லை. ஆனால் வீட்டுக்குள் விடாதீர்கள். ஒவ்வோர் உருண்டையும் வலுவான காந்தம், பட்டாணியைவிடச் சிறியது. பிள்ளை இரண்டை விழுங்கிவிட்டால் குடலின் ஒரு மடிப்பிலிருந்து ஒன்றும் பக்கத்து மடிப்பிலிருந்து இன்னொன்றும் இழுத்துக்கொள்ளும். நடுவில் மாட்டிய குடல் நசுங்கி ஓட்டையாகிவிடும். அமெரிக்காவில் இவற்றை விற்பது குறித்து 2012-இலிருந்தே வழக்கும் தடையும் மேல்முறையீடுமாக நடந்து, கடைசியில் 2022-இல் கடுமையான விதி வந்தது.

ஆக, குச்சியும் குண்டும் வாங்குங்கள். தொடங்குவதற்கு 40 குச்சி, 20 குண்டு போதும். கையில் கொஞ்சம் காசு இருந்தால் 60 குச்சி. குர்னி பிளாசா, குவின்ஸ்பே மால் போன்ற பேரங்காடிகளின் பொம்மைக் கடைகளில் பெட்டியைக் கையில் எடுத்துப் பார்த்து வாங்குவதே நல்லது. மலேசியாவில் 14 வயதுக்கு உட்பட்டவர்களுக்கென விற்கும் விளையாட்டுப் பொருளில் எம்.சி. என்ற பாதுகாப்புத் தரக் குறி இருக்க வேண்டும். பெட்டியில் தேடிப் பாருங்கள். பசார் மாலாம் என்ற இரவுச் சந்தையில் பிளாஸ்டிக் பையில் கட்டித் தொங்கும் பெயரில்லாத செட்டு எவ்வளவு மலிவாக இருந்தாலும் வேண்டாம். பிளாஸ்டிக் பிளந்து உள்ளே இருக்கும் காந்தம் கழன்று விழுந்தால் அது மேலே சொன்ன குட்டி உருண்டைக்குச் சமம். 2005-இல் அமெரிக்காவில் ஒரு குழந்தை இறந்தது இப்படிக் கழன்று விழுந்த காந்தங்களால்தான். மறு ஆண்டு அந்தச் செட்டுகளைத் திரும்பப் பெற்றார்கள்.

இடையில் ஒரு எச்சரிக்கை

இதைப் பிரிப்பதற்கு முன் வீட்டில் யார் யார் இருக்கிறார்கள் என்று யோசியுங்கள். இதயத்துக்குப் பேஸ்மேக்கர் வைத்த தாத்தாவோ பாட்டியோ இருந்தால் குச்சிகளை அவர்கள் நெஞ்சுப் பக்கம் கொண்டுபோகக் கூடாது. 15 சென்டிமீட்டராவது தள்ளியே இருக்கட்டும். சட்டைப்பையில் போட்டுக்கொண்டு அவர்களைக் கட்டியணைப்பதும் கூடாது. கருப்புப் பட்டை உள்ள வங்கி அட்டையைப் பக்கத்தில் வைக்காதீர்கள். சாலை, பேருந்துக் கட்டணத்துக்கான டச் அண்ட் கோ அட்டை காந்தப்பட்டையில் ஓடுவதல்ல, அதற்கு ஒன்றும் ஆகாது. சாவி கொடுக்கும் பழைய கைக்கடிகாரம் இருந்தால் கழற்றிவிட்டு உட்காருங்கள்.

பிள்ளை ஏதாவது காந்தத்தை விழுங்கியிருக்கலாம் என்று சந்தேகம் வந்தாலே மருத்துவமனை அவசரப் பிரிவுக்குப் போய்விட வேண்டும். வாழைப்பழம் கொடுத்தால் தானாக வந்துவிடும் என்று பக்கத்து வீட்டில் சொல்வார்கள். காசு விழுங்கியபோது யாருக்கோ வந்திருக்கும். காந்தத்துக்கு அந்த வைத்தியம் பார்த்துக்கொண்டு இருந்தால் நேரம்தான் வீணாகும். மருத்துவரிடம் "ஒன்றுக்கு மேல் இருக்கலாம்" என்பதையும் சொல்லுங்கள். எக்ஸ்ரேயில் ஒட்டிக்கொண்ட இரண்டு, ஒன்றாகத் தெரியக்கூடும்.

உட்காரும் இடம்

விளிம்பு உயர்ந்த ஒரு தாம்பாளம் வேண்டும், இல்லையென்றால் குண்டுகள் உருண்டு அலமாரிக்கு அடியில் போய்விடும். சமையலறையில் இருக்கும் எவர்சில்வர் தாம்பாளத்தில் ஒரு குச்சியை வைத்துப் பாருங்கள். நல்ல எவர்சில்வர் என்றால் பெரும்பாலும் ஒட்டாது. மலிவான ரகம் ஒட்டும். ஒட்டாத தட்டுதான் குண்டு போட்டுவைக்க வசதி. ஒட்டும் தட்டையும் தூக்கிப் போடாதீர்கள். அதுவும் பிஸ்கட் டின்னின் தகர மூடியும் கோபுரம் கட்ட அடித்தளமாக உதவும், கால் நழுவாது. அலமாரிக்கு அடியில் போன குண்டை எடுக்க ஒரு குச்சியை நூலில் கட்டி உள்ளே விட்டு இழுத்தால் போதும்.

முதல் மாலை: மூன்று, நான்கு, ஐந்து, ஆறு

நான்கு குச்சி, நான்கு குண்டு எடுத்து ஒரு சதுரம் செய்யுங்கள். ஒரு மூலையைப் பிடித்து லேசாகத் தள்ளினால் சாய்சதுரமாகச் சரியும். இப்போது மூன்று குச்சி, மூன்று குண்டில் ஒரு முக்கோணம். எவ்வளவு தள்ளினாலும் வடிவம் மாறாது. குச்சி நீளம் மாறாதவரை முக்கோணத்தின் கோணம் மாற முடியாது. அந்த ஒரே விதி இதுதான். நிற்க வேண்டியது எதுவாக இருந்தாலும் முக்கோணத்தால் ஆனதாக இருக்க வேண்டும்.

அப்புறம் ஒவ்வொரு குண்டிலும் எத்தனை முக்கோணங்கள் கூடுகின்றன என்று மட்டும் பார்த்துக்கொண்டே போங்கள். மூன்று கூடினால் நான்முகி: 4 குண்டு, 6 குச்சி. முக்கோணத்தைக் கீழே வைத்து, மேலே ஒரு குண்டு, அதற்கு மூன்று குச்சி, முடிந்தது. கீழே போட்டால் உடையும், கையில் வைத்து அழுத்தினால் அசையாது. நான்கு கூடினால் எண்முகி: 6 குண்டு, 12 குச்சி. நடுவில் சதுரம் ஒன்று, மேலும் கீழும் ஒரு குண்டு. ஐந்து கூடினால் இருபதுமுகி: 12 குண்டு, 30 குச்சி. ஆறு கூடினால்? ஏழு குண்டும் 12 குச்சியும் எடுத்துச் செய்து பாருங்கள், மேசையில் தட்டையாகப் படுத்துவிடும். ஆறு அறுபது டிகிரி சேர்ந்தால் முழு வட்டம், மேலே எழும்ப இடமில்லை. பள்ளியில் கணிதப் பாடத்தில் இதைக் கரும்பலகையில் படித்தவர்கள் கையால் தொட்டுப் பார்க்கும்போது கொஞ்சம் சிரித்துக்கொள்வார்கள்.

இருபதுமுகியை முதல் நாளே எடுக்காதீர்கள். முக்கால்வாசி வந்ததும் ஒரு பக்கம் தொங்கும், இன்னொரு பக்கம் கழலும். தட்டில் முதலில் ஐந்து முக்கோணம் கொண்ட ஒரு தொப்பி, அதைப்போல இன்னொரு தொப்பி. இரண்டையும் பத்துக் குச்சிகளால் வளைந்து வளைந்து இணைத்தால் முடிந்துவிடும். இது தெரிந்தால் பாதிக் கஷ்டம் போய்விடும்.

கனசதுரம் செய்ய எல்லோருக்கும் ஆசை வரும். 8 குண்டு, 12 குச்சி, எல்லாம் சரியாக இருக்கும், கையை எடுத்ததும் சரியும். ஆறு பக்கமும் சதுரம் அல்லவா? மூலைவிட்டம் போட்டுத் தாங்கலாம் என்றால் அதற்கு ஒரு மடங்கும் நாற்பது சதமும் நீளமான குச்சி வேண்டும். பதிலாக ஒவ்வொரு முகத்தின் மேலும் ஒரு குண்டும் நான்கு குச்சியும் வைத்துக் கூரை போடுங்கள். ஆறு முகத்துக்கும் போட்டு முடித்ததும் விறைத்து நிற்கும். மொத்தம் 14 குண்டு, 36 குச்சி. எண்முகியின் எட்டு முகத்திலும் ஒரு நான்முகியை வளர்த்தால் ஒரு நட்சத்திரம் வரும். அதற்கும் அதே 14 குண்டு, 36 குச்சிதான். ஒன்றைக் கலைத்து இன்னொன்றைக் கட்டலாம், மீதி ஒன்றும் இருக்காது.

முனையைப் பார்த்து வைப்பது

சிலர் நிறையக் கட்டுவார்கள், அடிக்கடி உடைந்து விழும். குச்சி பலவீனம் என்று நினைத்துக்கொள்வார்கள். பெரும்பாலும் குற்றம் முனையில் இருக்கும். குச்சியின் ஒரு முனை வடமுனை, மறுமுனை தென்முனை. ஒரு குண்டில் வந்து ஒட்டும் நான்கும் வடமுனையாக இருந்தால் ஒன்றையொன்று தள்ளும், பிடி தளரும். இரண்டு வடக்கு, இரண்டு தெற்கு என்று வந்தால் பிடி இறுகும். கையில் இழுத்துப் பார்த்தாலே வித்தியாசம் தெரியும்.

எந்த முனை எது என்று கண்டுபிடிக்க ஒரு குச்சியின் நடுவில் தையல் நூலைக் கட்டி, மின்விசிறியை நிறுத்திவிட்டுத் தொங்கவிடுங்கள். ஆடி ஓய்ந்ததும் வடக்கு தெற்காக நிற்கும். இதற்குப் பினாங்கு நல்ல இடம். காந்த நடுக்கோட்டுக்குப் பக்கத்தில் இருப்பதால் குச்சி ஒரு பக்கமாகத் தலை சாயாமல் கிடைமட்டமாகவே நிற்கும். ஐரோப்பாவில் என்றால் வடமுனை தரையை நோக்கி நன்றாகவே இழுபடும். வடக்கைப் பார்க்கும் முனையருகே பிளாஸ்டிக்கில் நகச்சாயத்தால் ஒரு புள்ளி வையுங்கள். மற்ற குச்சிகளைத் தொங்கவிட வேண்டாம். புள்ளி வைத்த முனையைத் தள்ளுவது எதுவோ அதற்கும் புள்ளி. டெலிவிஷன் பார்த்துக்கொண்டே செய்யலாம்.

இப்போது எண்முகிக்குத் திரும்புங்கள். அதைச் சுற்றி மூன்று சதுரங்கள் ஒளிந்திருக்கின்றன: படுத்த சதுரம் ஒன்று, நின்ற சதுரம் இரண்டு. ஒவ்வொரு சதுரத்தையும், சிக்குக் கோலத்தில் இழை எங்கும் அறுபடாமல் சுற்றி வருவதுபோல, புள்ளி முன்னால், புள்ளியில்லாத வால் முனை பின்னால் என்று ஒரே திசையில் ஓடவிடுங்கள். ஒவ்வொரு குண்டும் இரண்டு சதுரத்தில் இருப்பதால் தானாகவே இரண்டு வடக்கும் இரண்டு தெற்கும் வந்துவிடும். நான்முகியில் ஒரு குண்டுக்கு மூன்று குச்சி, ஒற்றைப்படை; சமமாக வராது. இரண்டுக்கு ஒன்று என்று வைத்தால் போதும்.

முறுக்கு ஏறும் சங்கிலி

எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். களைத்துப்போன நாளில் புதிதாக யோசிக்கவே தோன்றாதபோது எடுப்பேன்.

ஒரு நான்முகியில் தொடங்குங்கள். அதன் மூன்று குண்டுகளில் மூன்று குச்சி ஒட்டி, அவை கூடும் இடத்தில் ஒரு புதிய குண்டு. அடுத்தது, கடைசியாக வைத்த மூன்று குண்டுகளிலிருந்து மூன்று குச்சி, ஒரு குண்டு. மறுபடியும் கடைசி மூன்று. ஒரு குண்டு மூன்று குச்சி, ஒரு குண்டு மூன்று குச்சி, அவ்வளவுதான். கடைசி மூன்று என்பதை மட்டும் விடக் கூடாது. தவறி வேறு முகத்தில் வைத்தால் கட்டியாகத் திரண்டுவிடும். சரியாகப் போனால் நீண்டுகொண்டே போகும் சங்கிலி தானாகவே முறுக்கிக்கொள்ளும். பக்மின்ஸ்டர் ஃபுல்லர் என்ற அமெரிக்க வடிவமைப்பாளர் இதை டெட்ராஹீலிக்ஸ் என்று அழைத்தார். எவ்வளவு நீட்டினாலும் எந்தக் குண்டும் முந்தைய ஒன்றுக்கு நேர் மேலே வந்து நிற்காது, அந்த முறுக்கின் கோணம் முழு வட்டத்துக்குள் சரியாக வகுபடுவதில்லை.

புள்ளி வைத்திருந்தால் இங்கே வேலை இன்னும் சுலபம். புதிய குண்டைத் தொடுவது மூன்றும் புள்ளி முனையாக இருக்கட்டும். அந்தக் குண்டுக்கு அப்புறம் வரும் மூன்று குச்சியும் வால் முனையால் அதைத் தொடும். ஆக நடுவில் உள்ள ஒவ்வொரு குண்டிலும் மூன்று வடக்கு, மூன்று தெற்கு. கணக்குப் போடவே வேண்டாம், கை பழகிக்கொள்ளும். 60 குச்சி இருந்தால் 22 குண்டு வரை நீளும். மேசையில் படுக்கவைத்தே கட்டுங்கள். ஒரு முனையைப் பிடித்துத் தூக்கினால் தன் பாரத்தாலேயே அறுந்து தரையெல்லாம் சிதறும். இரவு பத்து மணிக்கு மேல் கீழ்வீட்டுக்காரர் அதை ரசிக்க மாட்டார்.

கொம்தாரைப் போய்ப் பாருங்கள்

இருபதுமுகி கைவந்ததும் அடிப்பக்கத்துக் குண்டு ஒன்றையும் அதைப் பிடித்திருக்கும் ஐந்து குச்சியையும் கழற்றுங்கள். 11 குண்டு, 25 குச்சியில் ஒரு குவிமாடம் மிஞ்சும். அடி வளையம் கொஞ்சம் தளரும், தகர மூடியின் மேல் வைத்தால் பிடித்துக்கொள்ளும்.

இதன் பெரிய உறவு பினாங்கின் தலைநகர் ஜார்ஜ்டவுன் நடுவில் இருக்கிறது. வானளாவிய கொம்தார் கோபுரத்தை அண்ணாந்து பார்த்த எல்லோரும் அதன் காலடியில் இருக்கும் முக்கோணக் குவிமாடத்தைக் கவனித்திருக்க மாட்டார்கள். 2016 முதல் டெக் டோம் அறிவியல் மையம் அதற்குள் இயங்குகிறது. கொம்தாரின் கட்டடக் கலைஞர் லிம் சொங் கியாட், ஃபுல்லரின் நண்பர். ஃபுல்லர் பினாங்குக்கு வந்துபோயிருக்கிறார். முக்கோணங்களால் கூரை போடும் குவிமாட முறைக்கு ஃபுல்லர் 1954-இல் காப்புரிமை பெற்றார். அடுத்த முறை பேருந்துக்குக் காத்திருக்கும் நேரத்தில் வெளியிலிருந்து அதைப் பார்த்து ஒரு மூட்டில் எத்தனை முக்கோணம் சேர்கிறது என்று எண்ணுங்கள். பெரும்பாலான இடத்தில் ஆறு, அங்கங்கே ஐந்து. ஆறு மட்டும் இருந்தால் தட்டை ஆகிவிடும் என்பது உங்களுக்கு இப்போது தெரியும்; வளைத்துக் கொடுப்பது அந்த ஐந்துகள்தான். வீட்டுக் குச்சியால் அதை அப்படியே செய்ய முடியாது, அங்கே ஒன்றுக்கு மேற்பட்ட நீளத்தில் கம்பிகள் வேண்டும்.

பராமரிப்பு

கடற்காற்று அடிக்கும் ஊர். நிக்கல் பூச்சு கீறினால் நியோடிமியம் காந்தம் சீக்கிரம் துருப்பிடித்துப் பொடியாகும், குண்டும் பழுப்பாகும். தீபாவளி முறுக்கு வரும் சிவப்பு மூடி பிளாஸ்டிக் போத்தலைக் கழுவிக் காயவைத்து, காலணிப் பெட்டியில் வரும் ஈரம் உறிஞ்சும் சிறு பொட்டலம் இரண்டையும் உள்ளே போட்டு அதில் வையுங்கள். கை வியர்வையை மெல்லிய துணியால் துடைத்தால் போதும், தண்ணீரில் ஊறவைக்காதீர்கள். மதிய வெயிலில் நிற்கும் காரின் முன்பக்கத்திலும் விட்டுவைக்கக் கூடாது. சாதாரண ரக நியோடிமியம் காந்தம் 80 டிகிரிக்கு மேல் போனால் பலம் இழக்கத் தொடங்கும், இழந்தது தானாகத் திரும்பாது. நிக்கல் நகை போட்டால் அரிப்பு வருபவர்கள் குண்டைத் தொட்டபின் கையைக் கழுவிக்கொள்வது நல்லது.

குண்டு தொலைந்துவிட்டால் புதுச் செட்டு வாங்க ஓட வேண்டாம். உங்கள் குண்டை அளந்துகொண்டு இரும்புச் சாமான் கடையில் பேரிங் குண்டு கேளுங்கள். அரை அங்குலம், அதாவது 12.7 மில்லிமீட்டர், எல்லோருக்கும் தெரிந்த அளவு. துருப்பிடிக்காத எவர்சில்வர் குண்டைத் தந்தால் குச்சியை வைத்துப் பார்த்து வாங்குங்கள், சில ரகத்தில் காந்தம் ஒட்டாது. சாதாரண எஃகுக் குண்டே போதும், அதற்கு அவ்வப்போது ஒரு துளி தையல் மெஷின் எண்ணெய் தடவித் துடைத்தால் துரு ஏறாது. எடுத்துவைக்கும்போது குச்சியையும் குண்டையும் எண்ணிப் போத்தலின் மூடியில் எழுதி ஒட்டுங்கள். பிளாஸ்டிக் வெடித்த குச்சி ஒன்று கண்ணில் பட்டாலும் அதை அப்போதே தனியே எடுத்து, டேப் சுற்றிக் குப்பையில் போட்டுவிடுங்கள்.